தென்காசியில் ஜூன் மாதம் மழை இல்லையா?

2018-இல் தமிழ் விக்கிப்பீடியாவில் தென்காசி பற்றிய கட்டுரைக்கு ஒரு தட்பவெப்பப் பெட்டி சேர்த்தேன். பன்னிரண்டு மாதங்களுக்கும் உயர் வெப்பநிலை, தாழ் வெப்பநிலை, மழை, மழைநாட்கள் என்று எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. வார்ப்புரு (எண்களை இட்டதும் பெட்டியை வரைந்து தரும் ஆயத்த அச்சு) தானாகவே பூசும் சிவப்பும் நீலமுமாகப் பெட்டி அழகாகவே இருந்தது. நான்கு நாட்கள் கழித்துப் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒரு பயனர் ஒரே வரி எழுதியிருந்தார்: “ஜூன், ஜூலையில் சாரல் எங்கே?”

பெட்டியைத் திரும்பவும் பார்த்தேன். அந்த இரண்டு மாதங்களிலும் மழை இல்லை என்றே சொல்லிவிடலாம், அவ்வளவு குறைவான எண்கள். நான் அந்த ஊர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாரலில் நடந்து போனவன். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கினால் வெயிலும் தூறலும் ஒன்றாக வரும்; குற்றாலத்தில் சீசன் என்று சொல்வது அதைத்தான். அந்த மண்ணைப் பற்றி அந்த மண்ணிலிருந்து போன ஒருவனே ஜூனில் மழை இல்லை என்று எழுதிவைத்தது அன்று இரவு முழுவதும் உறுத்தியது.

நான் இட்ட எண்கள் எவையும் பொய் அல்ல. அவை பாளையங்கோட்டை வானிலை நிலையத்தில் பல ஆண்டுகள் முறையாக அளந்து எடுத்தவை. தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. ‘திருநெல்வேலி’ என்று தலைப்பிட்ட ஓர் அட்டவணை கிடைத்ததும், மாவட்டம் ஒன்றுதானே என்று எடுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் பாளையங்கோட்டை கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, மலைக்கு மறைவான வறண்ட சமவெளியில் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அங்கே காற்று வரும், மழை வராது. தென்காசியோ கணவாயின் வாசலில் இருக்கிறது. மாவட்ட எல்லையை மனிதர்கள் வரைந்தார்கள். மழை மலையைப் பார்த்துப் பெய்கிறது. (2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. அதனால் வேறொரு சிக்கல் வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.)

முதலில் பெட்டியை நீக்கினேன். பிறகு அவசரத்தில் இரண்டாவது தவறைச் செய்தேன். உலகத்தில் எந்த ஊரின் பெயரைத் தட்டினாலும் தட்பவெப்ப அட்டவணை தருகிற இணையதளங்கள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் தென்காசி இருந்தது, ஜூன் மாத மழையும் இருந்தது. மகிழ்ச்சியோடு எடுத்து மணல்தொட்டி என்னும் பயிற்சிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். இந்த முறை மழை அளவுக்கு மீறி இருந்தது. அந்தத் தளத்தின் விளக்கப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்த பிறகுதான் காரணம் புரிந்தது. அந்த எண்களை எந்த மழைமானியும் அளக்கவில்லை. செயற்கைக்கோள், கப்பல், நிலையம் என்று பல இடங்களின் தகவல்களைக் கணினி மாதிரி ஒன்றில் செலுத்தி, பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணித்தவை அவை. பரவலாகப் பயன்படும் இத்தகைய மறுபகுப்பாய்வுத் தரவு ஒன்றில் ஒரு கட்டம் கால் பாகை அகலம், நம் பக்கத்தில் ஏறக்குறைய 27 கிலோமீட்டர். தென்காசியைச் சுற்றி 27 கிலோமீட்டர் கட்டம் ஒன்று போட்டால் அதற்குள் குற்றால மலையும் வரும், கணவாயும் வரும், ஆய்க்குடி வயல்வெளியும் வரும். மலை உச்சியின் மழையையும் சமவெளியின் மழையையும் கலந்த ஓர் எண், எந்த ஊருக்கும் உரியது ஆகாது. கடலோ மலையோ இல்லாத பரந்த சமவெளியில் இப்படிக் கணித்த எண் உண்மைக்கு அருகே வரலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அதை நம்பக் கூடாது. இன்றுவரை அத்தகைய தளம் ஒன்றை மேற்கோளாகக் கண்டால் நான் மாற்று தேடத் தொடங்கிவிடுகிறேன்.

எங்கே உண்மையான மழைமானி இருக்கிறது என்று தேடியபோது, அது சிறுவயது முதல் என் கண்ணெதிரே இருந்தது தெரிந்தது. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து நாளிதழ்களில் தினமும் ஒரு சின்னச் செய்தி வரும்: கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் அணைகளின் நீர்மட்டம், அதன் கீழே செங்கோட்டை, தென்காசி, ஆய்க்குடி, சிவகிரி, சங்கரன்கோவில் என்று ஊர் வாரியாக மில்லிமீட்டரில் மழையளவு. இவை ஒவ்வொன்றும் ஒரு மழைமானியின் வாசிப்பு. வானிலை ஆய்வுத் துறையின் முழுமையான நிலையங்கள் மாநிலத்தில் குறைவு. மழையை மட்டும் அளக்கிற இடங்களோ வருவாய்த் துறை, பொதுப்பணித் துறை என்று பல கைகளில் பரவிக் கிடக்கின்றன. ஓர் ஊருக்கு வெப்பநிலை கிடைக்காமல் போகலாம், மழை பெரும்பாலும் கிடைக்கும்.

அடுத்த விடுமுறையில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். வளாகத்தில் கம்பி வேலிக்குள் மழைமானி. மழைமானியைக் கவனிக்கும் ஊழியர் காலை எட்டரை மணிக்கு வந்து, புனலைக் கழற்றி, உள்ளே சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, பதிவேட்டில் எழுதினார். “அண்ணாச்சி, நேற்று சாயங்காலம்தானே மழை பெய்தது, இன்றைய தேதியில் எழுதுகிறீர்களே?” என்று கேட்டேன். “தம்பி, நேற்று எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரைக்கும் ஒரு நாள் கணக்கு. முடிகிற நாளின் தேதியைத்தான் போட வேண்டும்” என்றார்.

அந்த ஒரு விளக்கம் எனக்குப் பல கட்டுரைகளைத் திருத்த உதவியிருக்கிறது. 2015-இல் சென்னையை மூழ்கடித்த மழை பெரும்பாலும் டிசம்பர் 1 பகலிலும் இரவிலும் கொட்டியது. வானிலைப் பதிவில் அது டிசம்பர் 2 காலையோடு முடிந்த நாளின் மழை. கட்டுரைகளில் இரண்டு தேதிகளும் மாறி மாறி வரும். ஒருவர் திருத்த, இன்னொருவர் மீட்க, சண்டையாகிவிடும். ‘டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்’ என்று முழுமையாக எழுதிவிட்டால் சண்டைக்கு இடமில்லை.

பதிவேட்டைக் கண்ணால் பார்த்தாயிற்று. ஆனால் அதைக் கட்டுரையில் பயன்படுத்த முடியாது. விக்கிப்பீடியாவில் மெய்யறிதன்மை என்று ஒரு கொள்கை உண்டு: நான் சொல்வதை, என்னை அறியாத ஒருவர், வெளியான ஓர் ஆவணத்தில் தேடிச் சரிபார்க்க முடிய வேண்டும். அலுவலக அலமாரியில் இருக்கும் பதிவேட்டை வாசகர் எப்படிப் பார்ப்பார்? நானே கைப்பேசியில் படம் எடுத்து, நானே கூட்டிச் சராசரி கண்டால் அது என் ஆய்வு ஆகிவிடும். இந்த விதி முதலில் எனக்குக் கோபமூட்டியது. உண்மை கையில் இருக்கிறது, எழுதக் கூடாது என்கிறார்களே என்று. வேறொரு கட்டுரையில் ஒருவர் தன் வீட்டு மொட்டை மாடியில் வைத்த மழைமானியின் அளவை இட்டிருந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது. அவருடைய கருவி சரியானதாகவே இருந்திருக்கலாம். சுவர் மறைவில் இருந்ததா, மரத்தடியில் இருந்ததா என்று யார் போய்ப் பார்ப்பது?

அதனால் அச்சில் வந்ததைத் தேடினேன். பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை வெளியிடும் மாவட்டப் புள்ளியியல் கையேடுகள் பெரிய நூலகங்களிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. நான் பார்த்த கையேட்டில் மழைமானி நிலையம் வாரியாக மாத மழை இருந்தது. அதே துறையின் ‘பருவமும் பயிரும்’ அறிக்கை மாவட்ட அளவில் பருவ மழையைத் தருகிறது. வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் மாவட்ட வாரியாகக் கடந்த ஐந்து ஆண்டுகளின் மாத மழையைப் பார்க்கலாம். முழு வானிலை நிலையம் உள்ள ஊர்களுக்கு அந்தத் துறையின் தட்பவெப்ப அட்டவணைத் தொகுப்புகளே முதல் ஆதாரம். 1961–1990, 1971–2000, 1981–2010, 1991–2020 என்று முப்பது ஆண்டுகளாகக் கட்டித் தருகிறார்கள்.

ஏன் முப்பது? ஓர் ஆண்டு வெள்ளம், ஓர் ஆண்டு வறட்சி என்று ஆடும் மழையில் ஐந்து ஆண்டுச் சராசரி எதையும் சொல்லாது. தமிழ்நாட்டில் 2015 வெள்ள ஆண்டு. 2016-இல் வடகிழக்குப் பருவம் பொய்த்தது. இந்த இரண்டில் எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதைப் பொறுத்து ஐந்து ஆண்டுச் சராசரி தலைகீழாக மாறிவிடும். உலக வானிலை அமைப்பு முப்பது ஆண்டைக் காலத் தரமாக வைத்திருப்பது இதனால்தான். நம் வானிலை அறிக்கைகளில் ‘இயல்பை விட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் அதிகம்’ என்று வரும்போது, அந்த ‘இயல்பு’ என்ற சொல்லுக்குள் ஒரு முப்பது ஆண்டு ஒளிந்திருக்கிறது. எந்த முப்பது என்று பெட்டியின் தலைப்பிலேயே எழுதுங்கள். ஒரே கட்டுரையில் வெப்பநிலைக்கு 1971–2000, மழைக்கு 1991–2020 என்று கலந்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பார்ப்பவருக்கு அது ஒரே அளவீடாகத் தெரியும்.

முன்பு சொன்ன சிக்கல் இதுதான். மாவட்டங்கள் பிரிந்ததும் மாவட்டச் சராசரிகளும் மாறிவிடும். 2019-க்கு முந்தைய அறிக்கையில் உள்ள ‘திருநெல்வேலி மாவட்டம்’ தென்காசியையும் சங்கரன்கோவிலையும் உள்ளடக்கியது. அந்த எண்ணை இன்றைய திருநெல்வேலி மாவட்டக் கட்டுரையில் வைத்தால், இப்போது அந்த மாவட்டத்தில் இல்லாத ஊர்களின் மழையும் அதில் சேர்ந்திருக்கும். வேலூர், விழுப்புரம், காஞ்சிபுரம் என்று 2019-இல் பிரிந்த எல்லா மாவட்டங்களுக்கும் இது பொருந்தும்.

சென்னைக் கட்டுரைகளில் வேறு வகைக் கலப்பு நடக்கும். நகருக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று நெடுங்காலப் பதிவுடைய இரண்டு நிலையங்கள். ஒன்று கடலுக்கு அருகே, மற்றொன்று உள்ளே விமான நிலையத்தில். கோடையில் கடல்காற்று எப்போது எட்டுகிறது என்பதைப் பொறுத்து இரண்டிலும் உச்ச வெப்பம் வேறுபடும். 2003 மே 31-இல் பதிவான 45 டிகிரி நுங்கம்பாக்கத்துக்கு உரியது. அதை மீனம்பாக்கத்தின் மாதச் சராசரிகளோடு ஒரே பெட்டியில் வைத்தால், எந்த இடத்திலும் நிகழாத ஒரு மே மாதத்தை நாம் உருவாக்குகிறோம். மழையில் வேறுபாடு இன்னும் அதிகம். அதே 2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. இதில் எது ‘சென்னையின்’ மழை?

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது நினைவிருக்கும். ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டியது. அருகே இருக்கும் திருச்செந்தூரில் அன்று 69 செ.மீ. அடுத்தடுத்த ஊர்களுக்கு இடையே 26 செ.மீ. வேறுபாடு! எனவே ஒரு பதிவை மாவட்டத் தலைநகரின் பெயரில் ஏற்றும்போது கை நடுங்க வேண்டும். இன்னொன்று: வானிலை அறிக்கைகள் மழையை முழு செ.மீ. ஆகச் சுருக்கித் தருகின்றன. 95 செ.மீ. என்பதை 950 மி.மீ. என்று மாற்றி எழுதினால், அளக்காத ஒரு துல்லியத்தை நாமே சேர்க்கிறோம். மி.மீ. அளவு தனியாகக் கிடைத்தால் மட்டும் மி.மீ.

எண்கள் கைக்கு வந்த பிறகு நான் செய்யும் சோதனைகள் சில உண்டு. தாளும் பேனாவும் போதும்.

பன்னிரண்டு மாத மழையைக் கூட்டுவேன். ஒரு தசமத்துக்குச் சுருக்கிய எண்கள் என்றால் ஆண்டு மொத்தத்தோடு உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது, அல்லது யாரோ ஓர் எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கட்டுரையின் திருத்த வரலாற்றில் பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் பெயரில்லாத ஒருவர் செய்த திருத்தத்தில் போய் நிற்கும். இத்தகைய குறும்பு எண்களில்தான் நெடுநாள் மறைந்திருக்கும். சொல்லை மாற்றினால் படிக்கிறவர் கண்டுபிடிப்பார், 112.4 என்பதை 142.4 ஆக்கினால் யார் கண்டுபிடிப்பார்?

மழைநாட்களுக்கு ஓர் அருமையான சோதனை இருக்கிறது. வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் மழைநாள். ஆகவே ஒரு மாதத்தின் மழைநாட்களை 2.5-ஆல் பெருக்கினால் வருவது அந்த மாத மழையை விட அதிகமாக இருக்கவே முடியாது. 6 மழைநாட்கள், 11 மி.மீ. மழை என்று ஒரு வரிசை சொன்னால், 6 நாட்களுக்குக் குறைந்தது 15 மி.மீ. வேண்டுமே! அப்படியானால் மழைநாட்கள் வேறு இடத்திலிருந்து வந்தவை, 1 மி.மீ. பெய்தாலே மழைநாள் என்று எண்ணும் வெளிநாட்டுத் தொகுப்பாக இருக்கும். தென்காசிப் பக்கம் இது வெறும் கணக்கு அல்ல. சாரல் நாள் முழுக்கத் தூறினாலும் அளவுக் குவளையில் 2 மி.மீ. தாண்டாமல் போகும் நாட்கள் உண்டு. ஊர்க்காரருக்கு அது மழைநாள், அட்டவணைக்கு அல்ல. கட்டுரையில் இந்த வரையறையை ஒரு குறிப்பாகச் சொல்லாவிட்டால், ஊரை அறிந்தவர் எண்ணைச் சந்தேகிப்பார்.

ஈரப்பதத்திலும் இப்படியே. வானிலை ஆய்வுத் துறை காலை 8.30-க்கும் மாலை 5.30-க்கும் தனித்தனியாகத் தருகிறது. இரண்டில் ஒன்றை ‘சராசரி ஈரப்பதம்’ என்ற வரிசையில் போடுவது பரவலான பிழை.

வெப்பநிலையையும் மழையையும் கொண்டு ஊர்களின் தட்பவெப்பத்தை வகை பிரிக்கும் கோப்பென் வகைப்பாட்டை நான் பெரும்பாலும் தொடுவதில்லை. ‘வெப்பமண்டலப் புன்னிலம்’, ‘அரை வறண்டது’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம் போலத் தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு அதன் எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்று தெரியும். ஆண்டுச் சராசரி வெப்பநிலையை 20-ஆல் பெருக்கி, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை ஆண்டு மழையில் 30 முதல் 70 விழுக்காடு வரை இருந்தால் 140 கூட்ட வேண்டும். 30 விழுக்காட்டுக்குக் குறைந்தால் எதுவும் கூட்ட வேண்டாம். ஆண்டு மழை இந்த எல்லைக்குக் கீழே இருந்தால் வறண்ட வகை. சராசரி 28.5 டிகிரி, ஆண்டு மழை 700 மி.மீ. உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல்–செப்டம்பர் மழையின் பங்கு 32 விழுக்காடு என்றால் எல்லை 710. ஊர் அரை வறண்டது. பங்கு 28 விழுக்காடு என்றால் எல்லை 570. அதே ஊர் புன்னிலம். இடம் மாறியது வெறும் 28 மி.மீ. மழை! ஐப்பசி, கார்த்திகையை நம்பி வாழும் தென் மாவட்டங்களில் பல ஊர்கள் இந்தக் கோட்டின் அருகே இருக்கின்றன. வெளியான ஆய்வு ஒன்று அந்த ஊரைப் பெயர் சொல்லி வகைப்படுத்தியிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

பழைய நூல்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1900-களின் தொடக்கத்தில் வெளிவந்த சென்னை மாகாண மாவட்ட கெசட்டியர்களில் மழை விவரம் நன்றாகவே இருக்கும், ஆனால் அங்குலத்தில். 25.4-ஆல் பெருக்கினால் மி.மீ. அலகு மாற்றுவது நம் ஆய்வு ஆகாது, தாராளமாகச் செய்யலாம். அதை இன்றைய தட்பவெப்பமாகக் காட்டாமல் வரலாற்றுப் பத்தியில் வைக்க வேண்டும். ஊர் வரலாற்று நூல்களில் ‘ஆடியில் நல்ல மழை’ என்று இருந்தால் அதை ஜூலை என்று மாற்றிவிடாதீர்கள். ஆடி ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. அட்டவணையின் எந்த ஒரு கட்டத்திலும் அது அடங்காது.

ஆங்கிலக் கட்டுரையிலிருந்து பெட்டியை அப்படியே கொண்டுவருவது பற்றியும் சொல்ல வேண்டும். எண்கள் வந்துவிடும், மேற்கோள் சில நேரம் உடைந்து வரும். மேற்கோள் சரியாக வந்தாலும், அந்த ஆவணத்தை நீங்களே திறந்து, குறைந்தது மூன்று மாதங்களையாவது ஒப்பிட்டுப் பார்க்காமல் சேமிக்க வேண்டாம். நான் அப்படித் திறந்த ஒன்றில், ஆவணத்தில் இருந்தது பக்கத்து மாநிலத்தில் அதே பெயரில் உள்ள வேறு ஊர். இன்னொன்றில் மேற்கோளாகக் காட்டிய நாளிதழ்க் கட்டுரையே எண்ணை விக்கிப்பீடியாவிலிருந்துதான் எடுத்திருந்தது. நாளிதழின் தேதியையும், அந்த எண் கட்டுரைக்குள் நுழைந்த தேதியையும் வரலாற்றுப் பக்கத்தில் ஒப்பிட்டதும் அது வெளிப்பட்டது.

அரசுத் தளங்களின் முகவரிகள் அடிக்கடி மாறும். நான்கு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த இணைப்புகளில் பாதி எனக்கு இன்று திறப்பதில்லை. இப்போதெல்லாம் ஆவணத்தை முதலில் இணையப் பக்கங்களின் பிரதியைக் காத்துவைக்கும் இணைய ஆவணகத்தில் சேமித்து, அந்த முகவரியையும் சேர்த்தே மேற்கோள் தருகிறேன். ஆவணத்தின் பெயர், வெளியிட்ட ஆண்டு, பக்க எண், அட்டவணையின் தலைப்பு, நிலையத்தின் பெயர் ஆகியவற்றை எழுதிவைத்தால், இணைப்பு செத்தாலும் நூலகத்தில் ஒருவர் தேடி எடுக்கலாம்.

தென்காசிப் பெட்டியைக் கடைசியில் மழை வரிசையோடு மட்டும் வைத்தேன். வெப்பநிலைக்கு முப்பது ஆண்டுத் தொடர் கிடைக்காததால் அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டேன். பாளையங்கோட்டையின் வெப்பநிலையைக் கொண்டு நிரப்பச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். சாரல் காற்று அடிக்கும் ஜூலைப் பகலில் தென்காசிக்கும் பாளையங்கோட்டைக்கும் உள்ள வேறுபாடு பஸ்ஸில் போய் இறங்குகிற எவருக்கும் தோலில் தெரியும். அதை எப்படி ஒன்றென்று எழுதுவது? மழை எந்த மழைமானியின் அளவு, எந்தக் கையேட்டின் எந்தப் பக்கம், எந்த வரிசை ஏன் காலி என்று பேச்சுப் பக்கத்தில் விரிவாக எழுதிவைத்தேன். சாரலைக் கேட்டவர் அதன் கீழே பதில் இட்டார்: “ஜூன் இப்போது சரியாக இருக்கிறது. அக்டோபர் எண்ணை மட்டும் ஒருமுறை பாருங்கள்.” கையேட்டை எடுத்துப் பார்த்தேன். அக்டோபர் இருக்க வேண்டிய இடத்தில் நவம்பரின் எண்ணை எழுதியிருந்தேன்.